கடைவாய்ப் பல்

பல்லின் மேற்பூச்சான எனாமல்தான் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அதைக் கரைத்துவிட மலிவான மிட்டாய்கள் போதும். சர்க்கரையை உண்ணும் நுண்ணுயிரிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. எச்சில் அதைச் சமன்செய்ய அரைமணி நேரமாவது ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்து சேர்ந்தால் எச்சில் தோற்றுப்போகும். எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே முக்கியம் என்று 1954இல் வெளியான ஸ்வீடனின் விபெஹோல்ம் ஆய்வு காட்டியது. (காப்பகமொன்றில் இருந்த மனவளர்ச்சி குன்றியோருக்கு, சம்மதம் கேட்காமலே, பல் கெடும்படி டாஃபி கொடுத்துப் பெற்ற அறிவு அது.)

வடசென்னையில், வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்குச் சில காலம் சனிக்கிழமைகளில் கதை சொல்லப் போய்வந்தோம். சிரிக்கவேண்டிய இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். சிலர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெட்கமல்ல, முன்பற்கள் கறுத்திருந்தன.

இரவிலும் பல் துலக்கவேண்டும் என்று அறிவுரை சொல்வது எளிது. தெருமுனை அடிபம்பிலிருந்து குடத்தில் சுமந்துவந்த நீர் அடுத்த நாள் சமையலுக்கும் மிஞ்சவேண்டிய வீட்டில் அந்த அறிவுரை எங்கே நிற்கும்? தாய் விடியுமுன்னே வீட்டுவேலைக்குக் கிளம்பிவிடுகிறார். பிள்ளைக்குக் காலையில் டீயும் பன்னும். பதினொரு மணிப் பசிக்குப் பெட்டிக்கடை. வசதியான வீட்டுப் பிள்ளையும் சாக்லேட் தின்கிறதுதான். ஆனால் அது பசியாறிய வயிற்றோடு தின்கிறது. சொத்தை விழுந்தால் மாலையே மருத்துவரிடம் போகிறது. ஆகவே தாய்மாரின் அறியாமை என்று இதற்குப் பெயரிடுவதை எங்களால் ஏற்க இயலவில்லை. 2022இல் அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் பல் காக்கும் திட்டமாகவும் நாங்கள் எண்ணுவது இதனாலேயே.

ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லின் கதை இன்னும் துயரமானது. பால்பல் எதுவும் விழாமலே, வரிசையின் பின்னால் ஓசையின்றி வந்து நிற்கும். வீட்டார் அதையும் பால்பல் என்றே கொள்கிறார்கள். சொத்தை விழுந்தால், விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் மறுபடி முளைக்க ஒன்றுமில்லை. வலி தாங்காமல் பிள்ளை இரவெல்லாம் அழுத பிறகு அரசு மருத்துவமனை. அங்கே கட்டணமில்லை, கூலி போய்விடும். பல்லைப் பிடுங்க ஒரு நாள் போதும். வேர்ச் சிகிச்சை செய்து காப்பாற்றப் பல நாள் அலையவேண்டும். கூலிக்காரரின் கணக்கில் எது வெல்லும் என்று சொல்லத் தேவையில்லை.

சில்வர் டையமைன் ஃபுளூரைடு என்றொரு திரவம் உண்டு. சிறு தூரிகையால் தடவினால் போதும், துளையிட வேண்டியதில்லை. பெரும்பாலான சொத்தைகள் மேலே பரவாமல் நின்றுவிடும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. தடவிய சொத்தை கறுத்துவிடும் என்பதுதான் குறை.

எங்களில் ஒருவர் இதை ஒரு தாயிடம் விளக்கினார்.

"கறுப்பு போவாதா? பொம்பளப் புள்ளயாச்சே."

கடைவாய்ப் பல்லுக்குத்தான், வெளியே தெரியாது என்றோம்.

"அப்ப இன்னிக்கே போலாமா? நாளிக்கு வேலைக்குப் போவணும்."