அழித்தது நான்தான்

என் மகளுக்குக் கணக்கு வராமல் போனதற்குக் காரணம் நான். ஊரில் பிள்ளை கணக்கில் தோற்றால் பள்ளிக்கூடத்தையோ டீச்சரையோ புத்தகத்தையோ குறை சொல்வோம். நானும் சொன்னேன். அது பொய்.

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகிற வழியில், இஞ்சிவிளைப் பக்கம் எங்கள் வீடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நான் எல்லை தாண்டி அந்தப் பக்கம் போய்த் தமிழில் படித்தவன். மகள் இந்தப் பக்கம் மலையாளத்தில் படிக்கிறாள். அவள் கணக்குப் புத்தகத்தை என்னால் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடியும். அதை அவளிடம் சொல்ல வெட்கப்பட்டேன். வெட்கம் வெளியே தெரியாமலிருக்க அதட்டினேன்.

அப்போது அவள் நாலாம் வகுப்பு. 156-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும். அவள் 156-ஐ 120, 36 என்று பிரித்திருந்தாள். 120-க்குள் பன்னிரண்டு பத்து தடவை, 36-க்குள் மூன்று தடவை, ஆக 13. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோடு போட்டு, பெருக்கி, கழித்து, அடுத்த இலக்கத்தை இறக்குகிற வகுத்தல். “இதென்ன கணக்கு, அழி” என்றேன். அவள் அசையவில்லை. ரப்பரைப் பிடுங்கி நானே அழித்தேன், தாள் நைந்துபோகும்வரை. அழித்தது சரியான விடையை. பிறகு என் முறையில் போடச் சொல்லி, தப்பும்போதெல்லாம் தலையில் குட்டினேன். அந்த வருஷத்துச் சாயங்காலங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போயின.

என் தொழில் வாழைக்குலை வியாபாரம். ஏத்தங்குலை 12 கிலோ, கிலோ 38 ரூபாய் என்றால் பத்து கிலோவுக்கு 380, ரெண்டு கிலோவுக்கு 76, மொத்தம் 456 என்று நின்ற நிலையில் சொல்வேன். எண்ணைப் பிரித்துப் போடுகிற அதே வழி! சந்தையில் நான் நம்பிப் பிழைக்கிற கணக்கை மகளின் நோட்டில் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அதன்பின் அவள் யோசிப்பதையே விட்டாள். கணக்கைப் படித்து முடிக்குமுன் “எப்பிடிப் போடணும்?” என்று என் முகத்தைப் பார்ப்பாள். பரீட்சையில் என் முறை பாதி, டீச்சர் முறை பாதி. பி.டி.ஏ. கூட்டத்தில் டீச்சர் விடைத்தாளைக் காட்டி, வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பெற்றோர் வீட்டுப்பாடத்தில் இப்படி உதவுவதைப் பற்றி அமெரிக்காவில் எரின் மலோனியும் சியான் பைலாக்கும் சேர்ந்த குழுவின் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. கணக்கென்றால் பதறுகிற பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த ஆண்டு குறைவாகவே கற்றார்கள், பயமும் கூடியது. அப்படிப்பட்ட பெற்றோர் அதிகம் தலையிடாத வீடுகளில் இந்தச் சேதம் இல்லை. நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் 2009-ல் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். படிப்பின் பயனைப் பேசுவது, பிள்ளைமேல் நம்பிக்கை வைப்பது ஆகியவைதான் அதிகம் கைகொடுத்தன. வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்வதன் பலன் நிச்சயமில்லை. பக்கத்தில் உட்கார்வதைத்தான் நான் பொறுப்பான தகப்பனின் கடமை என்று நினைத்திருந்தேன்.

இப்போது அவள் ஏழாம் வகுப்பு. பழைய நோட்டை எடுத்து, “நீ அன்னைக்குப் போட்டது சரிதான் மக்களே” என்றேன்.

“பின்ன எதுக்கு அழிச்சிய?”

“எனக்கு விளங்கல. விளங்கலன்னு சொல்ல மனசு வரல.”