பெயரிட்டு வந்த ஒரு கடிதம்



என் மேசை இழுப்பறையில் எட்டுக் கடிதங்கள் இருக்கின்றன. எல்லாம் 2020ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரி மாதங்களில் மத்ரஸா முகவரிக்கு வந்தவை. சென்ற வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது அவை மீண்டும் கையில் அகப்பட்டன. இத்தகைய கடிதங்களும் கைப்பேசிச் செய்திகளும் வரும்போது என்ன செய்வது என்று நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் என் தவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு 2019 டிசம்பர் 12 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நாடெங்கும் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த அந்நாள்களில் எங்கள் ஜமாஅத்தாரும் கூடிப் பேசி, ஒரு துண்டறிக்கை வெளியிடுவது என்று முடிவு செய்தார்கள். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழ் கொஞ்சம் எழுத வரும் என்று தெரிந்துவிட்டால், திருமண அழைப்பிதழ் முதல் மௌத்து அறிவிப்பு வரை மத்ரஸா ஆசிரியன் தலையில்தானே விழும்! ஒரே இரவில் எழுதிக் கொடுத்தேன். அடியில் என் பெயரையும் முகவரியையும் அச்சிட்டார்கள். காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைவீதியில் இருந்து தேவகோட்டை வரை அது கைமாறியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்றாம் வாரத்தில் கடிதங்கள் வரத் தொடங்கின. ஆறு கடிதங்களில் பெயர் இல்லை. அஞ்சலட்டையில் நாலு வரி வசவு, பாகிஸ்தானுக்குப் போகச் சொல்லும் கட்டளை, அவ்வளவே. ஏழாவது வேறு வகையானது. பிள்ளைகள் மத்ரஸாவிலிருந்து எத்தனை மணிக்கு வெளியே வருகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியும் என்று அதில் எழுதியிருந்தது. அதை நான் வீட்டில் காட்டவில்லை.

எட்டாவது கடிதம் பெயரோடும் முழு முகவரியோடும் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எதிர்த்தரப்புக் கட்சியில் பல ஆண்டுகளாக இருப்பவர் என்று அவரே சொல்லியிருந்தார். கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம், அழகான கையெழுத்து. ஆனால் விளித்த விதமே முள்ளாக இருந்தது: தன்னைப் பாரதக் குடிமகன் என்று சொல்லிக்கொள்ளும் இன்னாருக்கு என்று தொடங்கியிருந்தார். அரபு மொழியில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று யாருக்குத் தெரியும் என்று ஓரிடத்தில் கேட்டிருந்தார். இடையே ஒரு கேள்வியும் இருந்தது. இந்தச் சட்டத்தால் இந்திய முஸ்லிம்கள் அனைவரும் குடியுரிமை இழப்பார்கள் என்று துண்டறிக்கை சொல்கிறது. சட்டத்தின் எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது, எடுத்துக் காட்டுங்கள் என்பது அக்கேள்வி.

அந்த வரியை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் இருந்த வசவுகளே கண்ணில் நின்றன.

அன்று இஷாவுக்குப் பின் உட்கார்ந்து நான்கு பக்கம் பதில் எழுதினேன். எழுதும்போது மனத்துக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. கல்வி கற்றும் அறியாமையில் இருப்பவர் என்பதைச் சொல்ல, அவரை ஓரிடத்தில் 'இந்தக் காலத்து அபூஜஹ்ல்' என்று எழுதினேன். அந்த வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன். தாளைக் கிதாபுக்குள் செருகி வைத்துவிட்டு உறங்கப் போனேன்.

மறுநாள் மாலை அந்தக் கிதாபை எடுத்து வந்த மாணவன் தாளைப் படித்துவிட்டான். பன்னிரண்டு வயது, நன்றாக ஓதக்கூடியவன். அவன் சொல்ல, மற்றப் பிள்ளைகளும் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். பாடம் முடிந்து போகும் வழியில், தெருமுனைத் தேநீர்க் கடையில் கட்சித் துண்டு போட்டு அமர்ந்திருந்த ஒரு முதியவரைப் பார்த்து, "அபூஜஹ்ல் தாத்தா" என்று கத்திவிட்டு ஓடியிருக்கிறார்கள். அவர் கடிதம் எழுதியவர் அல்லர். அந்தக் கடிதத்தைப் பற்றி ஏதும் அறியாதவர். மழைக்காலத்தில் எங்கள் கூரை ஒழுகியபோது ஓடு மாற்ற ஆள் அனுப்பிவைத்தவர்.

மஃரிப் தொழுகை முடிந்து நான் வெளியே வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அசரத், பிள்ளைக என்னமோ சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே ஓடுதுக. அபுசகலோ என்னமோ. நல்ல வார்த்தைதானே?"

நான் என்ன சொல்வது? "விளையாட்டுப் பிள்ளைகள் ஐயா, மன்னிச்சுக்கங்க" என்றேன். "அதுக்கென்ன, சின்னப் பிள்ளைகதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். பொருளை நான் சொல்லவே இல்லை. அவர் நல்ல வார்த்தை என்று எண்ணிக்கொண்டு போயிருக்கவும் கூடும்.

அந்த வாரம் நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தது சூரத்துல் ஹுஜுராத். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டாம் என்று அல்லாஹ் தடுக்கும் பதினோராம் வசனத்தை மூன்று நாள் முன்புதான் விளக்கியிருந்தேன். பிள்ளைகள் அதை மனப்பாடமாகவும் ஒப்பித்தார்கள். அவர்கள் கற்றுக்கொண்டதோ என் தாளிலிருந்து.

நான் எடுத்தாண்ட அந்தப் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. அம்ரு பின் ஹிஷாம் என்பது அவனது இயற்பெயர். மக்காவாசிகள் அபுல் ஹகம், அறிவின் தந்தை, என்று அழைத்தார்கள். பத்ரில் கொல்லப்பட்டான். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றிக்குப் பின் யமன் நோக்கி ஓடிய அவன் மகன் இக்ரிமாவை, மனைவி உம்மு ஹகீம் அபயம் பெற்றுத் திரும்ப அழைத்து வந்தார். இக்ரிமா வரும்போது அவருடைய தந்தையை ஏசாதீர்கள், இறந்தவரை ஏசுவது உயிரோடிருப்பவரைத்தான் புண்படுத்தும் என்று நபிகளார் (ஸல்) தோழர்களிடம் சொல்லி வைத்ததாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். மகன் எதிரில் அந்தத் தந்தையையே ஏச வேண்டாம் என்று தடுத்த உம்மத்தில் பிறந்த நான், அந்தப் பெயரை எடுத்து ஒரு தமிழாசிரியர் மீது எறிந்திருந்தேன்.

நான்கு பக்கங்களையும் கிழித்தேன். பிறகு அந்தக் கடிதத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். அப்போதுதான் முள்ளாக இருந்த விளிப்பை விட்டுவிடலாம் என்று தோன்றியது. நினைவுக்கு வந்தது ஹுதைபியா. ஹிஜ்ரி 6இல், கி.பி. 628இல், உடன்படிக்கை எழுதும்போது குறைஷியரின் தூதர் சுஹைல் பின் அம்ரு முதல் வரியிலேயே முரண்பட்டார். ரஹ்மான் என்ற பெயரை ஏற்கவில்லை. 'அல்லாஹ்வின் தூதர்' என்பதையும் ஏற்கவில்லை. தூதர் என்று ஒப்புக்கொண்டால் உம்மோடு ஏன் போரிடப் போகிறோம் என்று கேட்டார். எழுதிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை. நபிகளாரே அழிக்கச் செய்து, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத் என்று எழுதச் சொன்னார்கள். தூதுத்துவம் தாளில் இருந்து அழிந்ததால் இல்லாமல் போய்விடவில்லை. உடன்படிக்கை நடந்தது. சுஹைல் பின்னாளில் இஸ்லாத்தை ஏற்றார். இவ்வளவையும் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். ஒரு ஓய்வூதியர் என்னைக் குடிமகன் என்று ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கு நான்கு பக்கம் எழுதியிருந்தேன்!

விட்டுக்கொடுப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1927 செப்டம்பரில் நம் செட்டிநாட்டுக்கு வந்து போன காந்தியடிகள், 1947 ஏப்ரலில் புதுடில்லியில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் தங்கியிருந்தார். அவருடைய மாலைப் பிரார்த்தனையில் குர்ஆன் வசனங்களும் ஓதப்படும். அப்பாஸ் தையப்ஜியின் மகள் ரைஹானா அவருக்குக் கற்றுத் தந்த பழக்கம் அது. பஞ்சாபில் கலவரம் நடந்துகொண்டிருந்த நேரம். ஏப்ரல் முதல் நாள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து குர்ஆன் ஓதக் கூடாது என்று தடுத்தார். தடுத்தவரை அப்புறப்படுத்தக் கூட்டத்தினர் முனைந்தபோது காந்தியடிகள் விடவில்லை, பிரார்த்தனையையே நிறுத்திவிட்டார். அடுத்தடுத்த நாள்களிலும் அப்படியே. குர்ஆனை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை ஓதலாமே என்றால் அதற்கும் இசையவில்லை: ஓதினால் முழுதும், இல்லையேல் ஒன்றுமில்லை. அந்நாள்களில் 'முகம்மது காந்தி' என்று விளித்தும் இழிவுபடுத்தியும் அவருக்குக் கடிதங்கள் குவிந்தன. அவற்றைப் பற்றி அவர் பிரார்த்தனைக் கூட்டங்களில் வெளிப்படையாகவே பேசினார். அவற்றில் இருந்த வாதத்துக்குப் பதில் சொன்னார். வசவுக்கு வசவு சொல்லவில்லை. எதிர்த்தவரை வெளியேற்றவும் இல்லை, குர்ஆனை வெளியேற்றவும் இல்லை. அவருடைய அரசியலில் நமக்கு உடன்பாடு இல்லாதவை பல இருக்கலாம். இந்த ஒன்றில் நான் அவரிடம் படிக்க வேண்டியவனாகத்தான் இருந்தேன்.

எழுதும் முறைக்கு மற்றொருவர் உதவினார். 1949 மே 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் சிறுபான்மையினருக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று வாதிட்டார். அவை முழுதும் ஏறக்குறைய எதிராக இருந்தது. சமுதாயத்துக்குள்ளிருந்தே பேகம் ஐஜாஸ் ரசூல் மாறுபட்டுப் பேசினார். சர்தார் பட்டேல் மறுநாள் கடுமையாக மறுத்தார். தனித் தொகுதி கிடைக்கவில்லை. அந்த விவாதங்களைப் படிக்கும்போது ஒரு முறை கண்ணில் படும்: யாரும் எதிராளியைப் பார்த்துப் பேசுவதில்லை, தலைவரைப் பார்த்தே பேசுகிறார்கள். எனக்கும் அப்படி நடுவில் ஒருவர் தேவைப்பட்டார். நான் அமர்த்திக்கொண்டது அந்தப் பன்னிரண்டு வயது மாணவனை. அவன் முன்னால் வாய்விட்டுப் படிக்க முடியாத எதையும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இனி அந்தக் கேள்வி. சட்டத்தை வரிவரியாகப் படித்தேன். துண்டறிக்கை எழுதுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களுக்கு அது வழி திறக்கிறது. அவர்கள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டிய காலத்தை 11 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் குறைக்கிறது. இந்தியக் குடிமகன் எவருடைய குடியுரிமையையும் அச்சட்டம் நேரடியாகப் பறிக்கவில்லை. நம் அச்சம், அதனுடன் தேசியக் குடிமக்கள் பதிவேடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதில் இருந்து பிறந்தது. நான் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்கி, அனைவரும் இழப்பார்கள் என்று எழுதிவிட்டேன். கேட்டவர் சரியாகவே கேட்டிருந்தார்.

இதை ஜமாஅத்தில் சொன்னபோது வருத்தப்பட்டவர்கள் உண்டு. "எதிரி கையில நாமளே கம்பு எடுத்துக் குடுக்குறதா உஸ்தாத்?" என்று ஒருவர் கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைய சூழல் அப்படி. ஆனாலும் ஜும்ஆவுக்குப் பின் திருத்தம் வாசிக்கப்பட்டது.

ஏழாவது கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. உறையோடும் அஞ்சல் முத்திரையோடும் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, நகலை வைத்துக்கொண்டோம். பெயர் மறைத்து மிரட்டுவதற்கு அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தில் 507ஆம் பிரிவு இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் இருக்கிறது. இத்தகைய கடிதம் வந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அழித்துவிடாதீர்கள். பிள்ளைகளின் விஷயத்தில் பொறுமை என்று எண்ணி மறைப்பது பொறுமையில் சேராது. நானும் இரண்டு நாள் மறைத்தேன், மறைத்திருக்கக் கூடாது. பெயரற்ற மற்ற ஆறையும் இழுப்பறையில் போட்டதோடு சரி.

தமிழாசிரியருக்கு ஒரே பக்கத்தில் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கினேன். துண்டறிக்கையின் அந்த வரி பிழையானது, திருத்தியிருக்கிறோம் என்று முதலில் சொன்னேன். மதத்தை அளவுகோலாக வைத்து ஒரு வாசலைத் திறப்பதும் அதில் முஸ்லிமை விடுவதும் தவறு என்பதில் மாற்றம் இல்லை என்றேன். இலங்கையிலிருந்து வந்து தமிழக முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழும் தமிழ் இந்துக்களுக்கும் அந்த வாசலில் இடம் இல்லையே, தமிழாசிரியராகிய தாங்கள் அதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். மத்ரஸாவில் என்ன கற்பிக்கிறோம் என்பதை எந்த மாலையும் வந்து பார்க்கலாம், பொருளைத் தமிழில்தான் சொல்கிறோம் என்றும் எழுதினேன். மாணவனை அழைத்து வாசித்துக் காட்டினேன். அவன் தலை நிமிரவில்லை. முடிந்ததும் தானே போய் அந்தக் கடைப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். பொருளைச் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன் என்றான். எனக்கு வராத துணிவு அவனுக்கு வந்திருந்தது.

பிப்ரவரி கடைசியில் பதில் வந்தது. அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் சரியானதே என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். இலங்கைத் தமிழர் பற்றிய கேள்வியைத் தொடவே இல்லை. மத்ரஸாவுக்கும் வரவில்லை, மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. ஆனால் என் கடிதத்தின் நகல் ஒன்றையும் உடன் வைத்திருந்தார். அதில் வல்லினம் மிக வேண்டிய இரண்டு இடங்களில் சிவப்பு மையால் ஒற்று இட்டு, ஓரத்தில் விதியும் எழுதியிருந்தார். இரண்டும் என் பிழைகளே. மறுநாள் அவற்றைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்கு நடத்தினேன்.