புகையும் கல்லருகே ஒரு மஸ்அலா

தருமபுரியிலிருந்து பென்னாகரம் கடந்து, காட்டு வழியே மலைப்பாதை இறங்கினால் ஒகேனக்கல். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை; புகையும் கல் என்பதே பெயரின் பொருள். பாறைகளில் மோதிச் சிதறும் காவிரியின் திவலைகள் வெண்புகையாய் எழுவதைக் கண்டவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஓதிக்கொண்டிருந்த மாணவர் பதினொருவரை அழைத்துக்கொண்டு நாம் அங்குச் சென்றிருந்தோம். வானத்தில் ஒரு மேகத்துண்டும் இல்லை. வெயில் சுட்டது. ஆற்றில் சிறிது செங்கலங்கல் தெரிந்ததே அன்றி, அச்சம் தருவதாக ஒன்றுமில்லை. ஆயினும் துறையில் பரிசல்கள் யாவும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நீர்வரத்துக் கூடுகிறது, பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை என்றார் அங்கு நின்ற காவலர்.

பிள்ளைகளின் முகம் வாடிற்று. அவர்களுள் பலர் அதுவரை ஆற்றையே கண்டிராதவர்கள். அவ்வேளையில் ஒருவர் மெல்ல நம்மை அணுகி, "மேல வேற துறை இருக்குதுங்க பாய். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆளுக்குக் கொஞ்சம் சேத்துக் குடுங்க, போதும்" என்றார்.

நம் மனமும் இசைந்ததை மறைப்பானேன்? "அல்லாஹ் நாடியதுதானே நடக்கும், தவக்குல் வைத்துப் போய்வருவோம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டோம். அப்போது மாணவர்களுள் இளையவர், சற்றுத் தயங்கி, "ஹஜ்ரத், ஸலாமத்து மிகைத்திருந்தால்தானே கடல் ஏறலாம் என்று போன வாரம் ஓதிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

நமக்கு நா எழவில்லை.

ஹஜ்ஜுடைய பாடத்தில் வரும் மஸ்அலா அது. ஹஜ்ஜுக்குக் கடல்வழியே அன்றி வேறு வழி இல்லாதவர், பத்திரமாய்ப் போய்ச் சேர்வதே மிகையாய் இருக்கும் காலத்தில்தான் கப்பலேறக் கடமைப்பட்டவர்; அழிவு மிகைத்திருந்தால் ஏறவே கூடாது என்பர் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள். நம் நாட்டிலிருந்து ஹாஜிகள் பம்பாயில் கப்பலேறிச் சென்றது 1995 வரை நடந்தது. ஆகவே நம் முன்னோர்க்கு அது கிதாபில் மட்டும் கிடந்த மஸ்அலா அன்று. இஸ்லாத்தின் ஐந்து தூண்களில் ஒன்றுக்கே இந்த நிபந்தனை இருக்கும்போது, அருவி பார்க்கப் போகும் பரிசலுக்கு என்ன சலுகை? ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்கச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர், கட்டாத பரிசலுக்குத் தவக்குலைச் சாட்சி அழைத்தோம்!

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதின் கூட்டத்தில் சேர்வார் என்பதை எடுத்துச் சொல்வோரும் உண்டு. அது இழந்த வீட்டாருக்கு ஆறுதல். ஆற்றில் இறங்குவோர்க்குத் தூண்டுகோல் அன்று.

ஸலாமத்து மிகைத்திருக்கிறதா என்பதை யார் சொல்வது? ஒகேனக்கலில் நம் கண் சாட்சியாகாது. அங்கு வரும் வெள்ளம் அங்குள்ள வானத்திலிருந்து வருவதன்று. குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டுகிறது; கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்புகின்றன; திறந்துவிட்ட நீர் நெடுவழி கடந்து, வெயில் காயும் பாறைகளின் மேல் வந்து ஏறுகிறது. வரும் வழியில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் அதை அளக்கின்றனர். வினாடிக்கு ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் மழைக்காலங்களில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. ஹதீஸ் கலையில் நம்பத்தகுந்த அறிவிப்பாளரின் செய்தியை ஏற்பதற்கு நாம் அவர் கண்டதைக் காணவேண்டியதில்லை. அந்த அளவுகோலும் கயிறு கட்டி நின்ற காவலரும் நமக்கு அத்தகைய அறிவிப்பாளர்களே.

(தடை இல்லாத நாளிலும் பாறை வழுக்கும். அங்கே எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவோர் பலர் உண்டு. தேய்த்துக்கொண்டவர்கள் அதே எண்ணெய்க் காலோடு பாசிப்பாறையில் நடப்பதை எண்ணினால் நமக்கு இன்றும் உள்ளங்கால் கூசுகிறது. ஆற்றில் முதலைகளும் உண்டு.)

வந்தவரை அனுப்பிவிட்டோம். "பயந்த பாய்" என்று அவர் முனகியது காதில் விழுந்தது, விழட்டும். கரையோரம் ஓர் அம்மையார் பொரித்துத் தந்த மீனோடு சோறுண்டு, தொலைவில் நின்று அருவியைப் பார்த்தோம். அஸர் தொழுது திரும்புகையில், காலையில் நாம் அமர்ந்திருந்த தாழ்ந்த பாறையைக் காணவில்லை. அதன் மேல் நீர் ஓடிற்று. சத்தமே இல்லாமல் ஏறியிருந்தது.

மார்கழியில் மீண்டும் போனோம். தெளிந்த நீர். கோத்திக்கல் துறையில் லைஃப் ஜாக்கெட் மாட்டி, வாரை இழுத்துக் கட்டிய பிறகே பரிசலோட்டி துடுப்பை எடுத்தார். மூங்கில் முடைந்த வட்டப் பரிசல். முன்னாளில் தோல் போர்த்திய அடிப்புறத்தில் இப்போது பிளாஸ்டிக் தாள். இருபுறமும் கற்சுவர்கள் உயர்ந்து நின்ற இடத்தில், பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக அவர் பரிசலை ஒருமுறை சுழற்றினார். கப்பலேறுகையில் நூஹ் நபி (அலை) ஓதிய துஆவை அனைவரும் உரக்க ஓதினர். அந்த இளைய மாணவர் மட்டும் நம் கையைப் பற்றிக்கொண்டு, "ஹஜ்ரத், உங்கள் வாரைக் கட்டவில்லையே" என்றார்.