சுரண்டப்பட்ட ஏடு

நுண்கணிதப் பரீட்சைக்கு முந்திய இரவில் யாம் நிந்தித்தது நியூட்டனையன்று, லைப்னிட்ஸையுமன்று. 1229-ஆம் ஆண்டில் கையிற் கத்தியேந்திய ஒரு குருவானவரையே நிந்தித்தோம்.

காரணம் கூறுவோம். சிரக்கூசா நகரத்து ஆர்க்கிமிடீஸ், அலெக்சாந்திரியாவிலிருந்த எரட்டோஸ்தெனிஸ் என்பார்க்கு 'முறை' என்றொரு நூல் எழுதியனுப்பினார். வடிவங்களை மெல்லிய சீவல்களாகப் பாவித்து, மனத்தில் அமைத்த தராசிலே நிறுத்து, அவற்றின் அளவைக் காணும் உபாயம் அதிலுள்ளது. உருண்டையானது தன்னை அடக்கிய உருளையில் மூன்றிலிரண்டு பங்கு என்பதையும் இங்ஙனமே கண்டார். தமக்குத் தோன்றாதனவற்றைப் பின்வருவோர் இம்முறையாற் காண்பர் என்றும் நம்பினார். பத்தாம் நூற்றாண்டில் பெயர்த்தெழுதப்பட்ட அதன் தோலேட்டைத்தான் மேற்படி குருவானவர் மைபோகச் சுரண்டி, இரண்டாக வெட்டிக் குறுக்கே திருப்பி, அதன்மேல் ஜெபங்களை எழுதிவிட்டார்.

அன்று அவர் கத்தியை எங்கேனும் மறந்து வைத்திருந்தால்? கெப்ளர், தம் கலியாணத்துக்கு வாங்கிய திராட்சரசப் பீப்பாய்களை வியாபாரி கோல்விட்டு அளந்தது கண்டு ஐயுற்று, 1615-இல் அதற்கென ஒரு நூலே இயற்றினார். அத்தொல்லையின்றிப் பந்தியில் அமர்ந்திருப்பார். நியூட்டனுக்கும் லைப்னிட்ஸுக்கும் 'யார் முந்தி' என்ற வழக்கு நேர்ந்திராது. (1712-இல் அவ்வழக்கில் தீர்ப்புரைத்த சங்கத்துக்கு நியூட்டனே தலைவர் என்பதை அன்பர்கள் மறவற்க.) நீராவி வண்டி சில நூற்றாண்டு முந்தியே ஓடியிருக்கும். எமக்கோ, அந்நூற்றாண்டுகளின் பாடமும் பரீட்சையிற் சேர்ந்திருக்கும்! இதனை யாம் முதலில் எண்ணினோமில்லை.

வேறொன்றையும் எண்ணினோமில்லை. ஆர்க்கிமிடீஸின் பிற நூல்களைத் தாங்கிய கிரேக்கச் சுவடிகள் இரண்டு, ஒருவரும் சுரண்டாமலே இருந்தன. ஒன்று 1311-க்குப் பின்னும், மற்றொன்று பதினாறாம் நூற்றாண்டிலும் காணாமற்போயின. ஜெபப் புத்தகத்தை மாத்திரம் எவரும் எறிந்திலர். 1906-இல் ஹைபர்க் என்னும் தேனியப் பண்டிதர் கான்ஸ்தாந்திநோபிளில் அதனைக் கையிலெடுத்து, ஜெப வரிகளின் அடியிற் கிடந்த மங்கிய எழுத்துக்களைப் பூதக்கண்ணாடி கொண்டு படித்தார். 'முறை'க்கு வேறு பிரதி இன்றுவரை கிடைத்திலது.

எமது பாட்டியாரின் ஜெபப் புத்தகத்து ஓரத்திலே சிறுவயதில் யாம் கணக்கெழுதி அடிபட்டதுண்டு. எம் பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகங்களெல்லாம் எப்போதோ பழைய காகிதக்காரனிடம் போய்ச்சேர்ந்தன. பாட்டியாரின் புத்தகம் பெட்டியில் இருக்கின்றது. சங்கீதங்களின் பக்கத்தில் ஒரு பெருக்கற் கணக்கு, விடை தவறு.