பேஸ் நூலகத்தில் எஞ்சிய நூல்கள்

மார்ச் 3

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவர்கள் அதிகம் புழங்கும் பேஸ் நூலகம் தரைக்குக் கீழே அமைந்தது. 1971இல் கிராஸ் கேம்பஸ் நூலகம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 2007இல் புதுப்பிக்கப்பட்டபோது இன்றைய பெயரைப் பெற்றது. மேலே புல்வெளி. ஸ்டெர்லிங் நினைவு நூலகம் என்ற பெரிய நூலகத்தோடு ஒரு சுரங்க வழி அதை இணைக்கிறது. பேஸ் நூலகத்தில் இருந்த நூல்கள் ஏறத்தாழ 1,50,000. அவற்றில் 40,000 மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வேறிடத்துக்கு மாற்றி, காலியாகும் இடத்தில் மாணவர்கள் உட்கார்ந்து படிக்க வசதி செய்வது என்று நிர்வாகம் திட்டமிட்டது. அந்தத் திட்டம் 2019இன் தொடக்கத்தில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது.

நிர்வாகத்தின் கையில் கணக்கு இருந்தது. பத்தாண்டுகளில் பேஸ் நூலகத்திலிருந்து இரவல் போன நூல்களின் எண்ணிக்கை 64 விழுக்காடு சரிந்திருந்தது. யேலில் மட்டும் நடந்ததல்ல இது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் இளங்கலை மாணவர்கள் ஓராண்டில் 2,38,000 நூல்களை எடுத்துச் சென்றார்கள். பத்தாண்டு கழித்து அது 60,000. ஆனால் நூலகத்துக்கு வரும் மாணவர் கூட்டம் குறையவில்லை. மடிக்கணினியை வைக்க மேசை, பக்கத்தில் மின் இணைப்பு, நான்கைந்து பேர் சேர்ந்து பேசிப் படிக்க ஓர் அறை, தேர்வு நாட்களில் இரவிலும் திறந்திருக்கும் கதவு என்று அவர்களின் தேவை மாறியிருந்தது. விடுதி அறையில் அமைதி கிடைக்காத மாணவருக்கு நூலக இருக்கைதான் படிப்பறை. இந்தத் தேவையை அலட்சியம் செய்வது நியாயமாகாது.

மார்ச் 4

இரவல் கணக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

இதற்குப் பழைய சான்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. ஆலன் கென்ட் தலைமையில் நடந்து 1979இல் வெளிவந்தது. அந்த நூலகம் 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, 1975 முடியும் வரை ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று அது காட்டியது. அந்த எண் உலகெங்கும் நூலகர்களை உலுக்கியது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களே ஆய்வின் முறையைக் கேள்வி கேட்டார்கள். அவர்களுடைய கேள்வியில் வலு இருந்தது.

ஒரு மாணவி வரலாற்றுப் பிரிவுக்குப் போகிறாள். தட்டிலிருந்து ஒரு நூலை உருவுகிறாள். பின்பக்கத்துப் பெயரடைவைத் திறந்து தனக்கு வேண்டிய ஊரின் பெயரைத் தேடுகிறாள். இரண்டு பக்கங்களை நின்றபடியே வாசித்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நூலை இருந்த இடத்திலேயே செருகிவிடுகிறாள். அந்த நூல் அன்று முழுமையாகப் பயன்பட்டது. கணினியில் அதற்குப் பதிவு கிடையாது. மேசையில் விட்டுப்போன நூல்களைத் திரும்ப அடுக்கும் முன் பார்கோடு வருடிக் கணக்கெடுக்கும் வழக்கம் சில நூலகங்களில் உண்டு. அதுவும் மேசை வரை வந்த நூல்களைத்தான் பிடிக்கும். தட்டருகே நின்று வாசித்து அங்கேயே வைத்தது தப்பிவிடும். எனவே இருபது ஆண்டாக யாரும் எடுக்காத நூல் என்பதை, இருபது ஆண்டாக யாரும் தொடாத நூல் என்று படிக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. துறைக்குத் துறை நூலின் ஆயுள் வேறு. கணினி மொழி ஒன்றுக்கான கையேடு சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். கல்வெட்டுத் தொகுப்பு நூறாண்டுக்குப் பிறகும் தேவைப்படும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைத்து, அகற்றும் நூல்களுக்குப் போடும் பட்டியல் மனிதவியல் துறைகளைத்தான் முதலில் காலிசெய்யும்.

மார்ச் 8

யேல் மாணவர்கள் எதிர்ப்பைக் காட்டிய விதம் கவனிக்கத்தக்கது. முழக்கத்தோடு நிறுத்தாமல், பேஸ் நூலகத்தில் கூடித் தட்டுகளிடையே நூல்களைப் புரட்டினார்கள். பை நிறைய இரவல் எடுத்தார்கள். எந்தக் கணக்கைக் காட்டி நூல்கள் அகற்றப்படவிருந்தனவோ, அந்தக் கணக்கிலேயே தங்கள் மறுப்பைப் பதிந்தார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. 40,000 என்ற எண் 61,000 ஆனது. 2019ஆம் ஆண்டின் பின்பாதியில் நூலகம் புதிய அமைப்போடு திறந்தது.

யேலின் நூலக அமைப்பு முழுவதிலும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி நூல்கள் இருக்கின்றன. பேஸ் நூலகத்திலிருந்து போனவை அழிக்கப்படவில்லை. பெரும்பகுதி சுரங்க வழியின் மறுமுனையில் ஸ்டெர்லிங்கில் இருக்கிறது. அப்படியும் மாணவர்கள் கொதித்ததற்குக் காரணம், முடிவெடுத்த பிறகே அவர்களுக்குச் செய்தி வந்தது. முதலிலேயே கேட்டிருந்தால் அந்தக் கூடுதல் 21,000 நூல்கள் சண்டையில்லாமலே கிடைத்திருக்கும்.

மார்ச் 9

எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டெர்லிங் இருப்பதில்லை. பெரும்பாலானவை ஊருக்கு வெளியே சேமக்கிடங்குகளை நாடுகின்றன. 1986இல் தொடங்கிய ஹார்வர்டு சேமக்கிடங்கு இதற்கு முன்மாதிரி. அங்கே நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்படுவதில்லை, உயரவாரியாக அடுக்கப்படுகின்றன. குளிரும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட உயர்ந்த கூடத்தில், ஒரே அளவுள்ள நூல்கள் தட்டங்களில் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றின் இடமும் பார்கோடுக்குத்தான் தெரியும். தாளின் ஆயுளுக்கு இது மிக நல்லது. ஆனால் தேடிப்போன நூலுக்குப் பக்கத்தில் தேடாத நூல் கண்ணில் படும் வாய்ப்பு அங்கே கிடையாது. பகுப்பு எண் தந்த அக்கம்பக்கம் கலைந்துவிடுகிறது.

நூலை இடம் மாற்றாமல் கழித்தே விடுவதும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகத்தை வளரும் உயிரியாகக் காண்கிறது. வளர்ச்சி என்பதில் புதியதை ஏற்பதோடு பழையதைக் கழிப்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். கழிப்பது நூலகத்துக்கு இழுக்கு அல்ல. முதல் நான்கு விதிகளும் வாசகரையும் நூலையும் சேர்த்து வைப்பதைப் பற்றியவை; கழிக்கும் பட்டியலையும் அவற்றோடு உரசித்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 12

கழிக்கும் முன் கேட்க வேண்டிய பெரிய கேள்வி, இன்னொரு படி எங்கே இருக்கிறது என்பது. பிரித்தானியா இதற்கு நல்ல விடை கண்டது. 2007இல் தொடங்கிய ஐக்கிய இராச்சிய ஆய்வுச் சேமிப்புத் திட்டத்தில், பழைய ஆய்விதழ் ஒன்றைக் கழிக்க விரும்பும் பல்கலைக்கழகம் முதலில் தெரிவிக்க வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தில் ஒன்றும் உறுப்பு நூலகங்களில் இரண்டுமாக மூன்று படிகள் உறுதியான பிறகே கழிக்க அனுமதி.

ஆனால் ஒரே நூலின் எல்லாப் படிகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் பொது அலமாரிகளிலிருந்த 1923க்கு முந்தைய நூல்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 12 விழுக்காட்டில் பழைய வாசகர்களின் தடங்கள் கிடைத்தன: ஓரக்குறிப்பு, அன்பளிப்பு வரி, உலர்ந்த பூ. இன்னொரு நூலகத்தின் படியோ, மின்வடிவமோ இவற்றுக்கு ஈடாகாது. பட்டியலைக் கணினி தயாரிக்கலாம். கடைசியாக ஒருவர் ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துத் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

மார்ச் 13

2020இல் கொள்ளைநோயால் நூலகங்கள் மூடப்பட்டபோது, பல நூலகங்கள் சேர்ந்து நடத்தும் ஹாத்திடிரஸ்ட் மின்நூலகம் பதிப்புரிமையுள்ள நூல்களையும் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. ஒரு நூலகத்திடம் அச்சுப்படி எத்தனை உண்டோ, அதன் வாசகர்களில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் அந்நூலின் மின்படியைப் படிக்கலாம் என்பது ஏற்பாடு. தொலைவில் உள்ள கிடங்கில் கிடந்த படியும் கணக்கில் சேர்ந்தது. கழித்துவிட்ட நூலுக்கு அந்த உரிமை இருக்கவில்லை.