பாட்டி வீட்டு மூன்று தோம்புகள்

2020 செப்டம்பர் முதல் வாரம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்திப் பிரிவிலிருந்து ஒரு பட்டியல் என் கைக்கு வந்தது. ரவாங் அருகே சுங்கை கோங்கில் கழிவு கலந்துவிட்டதால் சுங்கை சிலாங்கூரின் மூன்று சுத்திகரிப்பு நிலையங்களையும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையத்தையும் நிறுத்திவிட்டார்கள். 1,292 இடங்களில் தண்ணீர் வராது.

"நேயர்களே, தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று வழக்கம்போல் சொன்னேன். பட்டியலில் கோல சிலாங்கூர் மாவட்டம் வந்தபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. அங்குள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் தங்கும் விடுதியில்தான் நான் ஐந்து வருடம் இருந்தேன். அப்போது என் சித்தி மகள் அதே விடுதியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு 2005ஆம் ஆண்டு ஞாபகத்துக்கு வந்தது. எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் பகுதியில் பெரிய குழாய் ஒன்று உடைந்தது. விடுதிக் கூரையில் இருந்த தொட்டி முதல் நாள் இரவே காலியானது. மறுநாள் ஒரு லோரித் தண்ணீர் வந்தது. ஆளுக்கு ஒரு வாளிதான். குளிப்பதா, துணி துவைப்பதா, கழிவறைக்கு வைத்துக்கொள்வதா? மாதவிலக்கு நாள்களில் இருந்த பிள்ளைகள் பட்ட பாட்டை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு என்றால் எங்களுக்குத் தோட்டத்துக்கு. பஸ் சரியாக வராது, வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்பதற்காகத்தான் எங்களை விடுதியில் சேர்த்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது என் அறைத் தோழி வரவில்லை. தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். முன்னோட்டத் தேர்வை அவள் எழுதவில்லை. எஸ்.பி.எம். எழுதினாள், ஆனால் நினைத்த புள்ளிகள் வரவில்லை. தண்ணீர்தான் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன்.

அந்த ஒரு வாரம் நான் பாட்டியின் லயத்து வீட்டில் இருந்தேன். தோட்ட நிர்வாகம் தொழிலாளர் குடியிருப்புக்கு இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் லயத்திலும் குழாய் இருந்தது. காலையில் இரண்டு மணி நேரம் வரும். சில நாள் அதுவும் வராது. இத்தனைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பாதிக்கும் மேல் எங்கள் பக்கத்துச் சுங்கை சிலாங்கூர் ஆற்றிலிருந்து போவதுதான். புக்கிட் பாடோங் வழியாகப் போகும்போதெல்லாம் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தை பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே போவேன்.

ஆனால் பாட்டி வீட்டில் தண்ணீர் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் மூன்று தோம்புகள் இருக்கும். ஒன்று குடிக்க, சமைக்க. இரண்டாவது குளிக்க. மூன்றாவது கூரைத் தகரத்திலிருந்து வழியும் மழைத்தண்ணீர், கழுவவும் துவைக்கவும். மூன்றுக்கும் மூடி உண்டு, கொசு முட்டையிடாமல் இருக்க. வெள்ளிக்கிழமை தோறும் ஒன்றைத் தேய்த்துக் கழுவிப் புதுசாகப் பிடிப்பார். பால்வாளி தூக்கிய காண்டாக் கம்பு அவருக்குத் தண்ணீர் தூக்கவும் உதவியது.

"வர்றப்ப பிடிச்சு வச்சுக்கணும் தாயி. வராதப்ப குழாயத் திட்டி என்னா பண்றது?" என்பார்.

குழாய் இருப்பதும் தண்ணீர் இருப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு அந்த வாரம்தான் புரிந்தது. அவ்வளவு பெரிய விடுதியில் இல்லாத தண்ணீர் ஒரு கிழவியின் வீட்டில் எப்படி இருந்தது? விடுதியில் தொட்டி இருந்தது. அதில் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று தினமும் பார்க்கிற ஆள்தான் இல்லை.

2020இல் நிகழ்ச்சி முடிந்ததும் விடுதிக்குப் போன் செய்தேன். "ஒரு நாளைக்குத் தாங்கும்" என்றார்கள். பதினைந்து வருடத்தில் எதுவும் மாறவில்லை.

பள்ளிகள் மறுபடி முழுமையாகத் திறந்த பிறகு, முன்னாள் மாணவிகள் சிலர் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அடிப்படைத் தேவைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 120 மாணவிகளுக்கு, 50 லிட்டர் என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 6,000 லிட்டர். மூன்று நாளைக்கு 18,000. கேட்டதும் மலைத்துப்போனோம்.

கணக்கில் பட்ட கல்வி பெற்ற தோழி ஒருத்திதான் வழி சொன்னாள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உணவுக்கூடத்தின் கூரை 200 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 2,000 லிட்டர். சிந்துவது, சிதறுவது போக ஆயிரத்தைந்நூறாவது நிற்கும். நம் ஊரில் ஒரு சாயங்கால மழைக்கே அது வந்துவிடும். கழிவறைக்கும் தரை கழுவவும் மழைத்தண்ணீரை எடுத்தால், தொட்டியில் உள்ள குழாய்த் தண்ணீர் குடிக்கவும் குளிக்கவும் மிஞ்சும்.

பெரிய செலவு கூரைக்கு இல்லை, தொட்டிக்கு அடியில் கட்டும் மேடைக்குத்தான். 1,000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. கையில் இருந்த பணத்துக்கு முதலில் நான்கு தொட்டிகள் வைத்தோம். கூரையின் முதல் அழுக்குத் தண்ணீர் தனியாக வெளியேற ஒரு குழாயும் வைத்தோம். வாரம் ஒரு முறை அளவு பார்த்து நோட்டில் எழுதும் வேலையை இரண்டு மாணவிகள் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அந்த நோட்டுதான் முக்கியமாகப் பட்டது. பாட்டியிடம் நோட்டு இல்லை, ஆனால் தினமும் மூடியைத் திறந்து பார்ப்பார்.

இன்னும் 18,000 லிட்டரை எட்டவில்லை. போன முறை இரண்டு நாள் தண்ணீர் வராதபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று வார்டன் குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

இப்போதும் தண்ணீர்த் தடைப் பட்டியலை நான் வாசிக்கிறேன். கடைசியில் ஒரு வரி மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன்: "உங்கள் பிள்ளை விடுதியில் இருந்தால், அங்கே எத்தனை நாளைக்குத் தண்ணீர் இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்."