கேட்டவர்களும் கேளாதவர்களும்

ஒருவரின் முதற்படைப்பு உலகுக்கு வரும்போது அதற்கு மூன்று தீர்ப்புகள் காத்திருக்கின்றன. ஒன்று, விமர்சகர் எழுதுவது. மற்றொன்று, காசு கொடுத்து வாங்கும் மக்கள் சொல்வது. மூன்றாவது, படைத்தவர்களே தம் மனத்துள் கூறிக்கொள்வது. இம்மூன்றும் மூன்று திசைகளில் நின்ற ஓர் இசைத்தட்டின் வரலாற்றை எண்ணும்போதெல்லாம் நம் உள்ளம் கனக்கிறது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்து இளைஞர் நால்வர் கூடி அமைத்த குழு, ‘ஜாய் டிவிஷன்’. அவர்களது முதல் நெடுந்தட்டு ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ 1979 ஜூனில் வெளிவந்தது. ‘அறியப்படாத இன்பங்கள்’ என்பது அப்பெயரின் பொருள். வெளியிட்டது பெரிய கம்பெனி அன்று. அவ்வூரிலேயே புதிதாய் முளைத்த ‘ஃபாக்டரி’ என்னும் சிறு நிறுவனம். துணிந்து 10,000 பிரதிகள் அச்சிட்டார்கள்.

மேடையில் அவர்கள் வாசித்தது வேகமும் முரட்டுத்தனமும் மிக்க இசை. ஆனால் ஸ்டாக்போர்ட் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் அதனைப் பதிவு செய்த மார்ட்டின் ஹானெட், அந்த வேகத்தை அடக்கி, ஒவ்வொரு ஒலிக்கும் இடையே பெரியதொரு வெறுமையை வைத்தார். முரசொலியைத் தனித்தனியே பிரித்துப் பதிந்தார். கண்ணாடி உடையும் ஓசையையும் மின்தூக்கியின் இரைச்சலையும் உள்ளே சேர்த்தார். ஆளரவமற்ற கட்டடம் ஒன்றினுள் யாரோ தனியே பாடுவது போன்ற உணர்வு அதனால் பிறந்தது.

விமர்சகர்கள் வியந்தார்கள். ‘மெலடி மேக்கர்’ இதழில் ஜான் சாவேஜ் உயர்வாக எழுதினார். ஆனால் குழுவினருள்ளேயே கருத்து பிளந்தது. கிதார் வாசித்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும், தங்கள் இசையின் வலிமையை ஹானெட் பறித்துவிட்டதாகவே வருந்தினர். பொதுமக்களோ அவ்வாண்டில் அந்தத் தட்டை விற்பனைப் பட்டியலில் ஏற்றவேயில்லை.

அத்தட்டில் ஒலித்த குரல் இயன் கர்ட்டிஸ் என்பவருடையது. பாடல்களை எழுதியவரும் அவரே. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உடற்குறையுள்ளோர்க்கு வேலை தேடித் தரும் பணியில் இருந்தவர். அங்கே அவர் அறிந்த, வலிப்பு நோயுற்ற ஒரு பெண்ணின் மறைவு அவரை உலுக்கியது. தட்டிலுள்ள ஒரு பாடல் அவளைப் பற்றியதே. பின்னர் அவருக்கும் அதே நோய் உண்டென்று 1979-ன் தொடக்கத்தில் மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

1980 மே 18 அன்று, 23 வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதம் வெளியான அவர்களது தனிப்பாடல் 13-ஆம் இடம் வரை ஏறிற்று. அதன் பிறகுதான் முதல் தட்டும் பட்டியலில் 71-ஆம் இடத்தைக் கண்டது. 2019-இல், நாற்பதாம் ஆண்டு மறுபதிப்பு ஐந்தாம் இடத்தை எட்டியது.

இன்று அதன் உறை, இசையைவிடப் புகழ்பெற்றுவிட்டது. கரும்பின்னணியில் வெண்ணிற மலைத்தொடர் போன்ற கோடுகள், 1967-இல் கேம்பிரிட்ஜில் கண்டறியப்பட்ட ஒரு விண்மீனின் வானொலித் துடிப்புகள். நம் வீட்டுப் பிள்ளைகளின் சட்டைகளிலும் அக்கோடுகளைக் காண்கிறோம். அணிந்திருப்போரில் அப்பாடல்களைக் கேட்டோர் எத்தனை பேரோ!

நம்மை உறுத்துவது விற்பனைக் கணக்கு அன்று. உடன் வாசித்த நண்பர்களே, அப்பாடல்களின் சொற்களை அன்று தாங்கள் கருதிப் பார்க்கவில்லை, அவை வெறும் கலை என்றே எண்ணியிருந்தோம் என்று பிற்காலத்தில் கூறினார்கள். விமர்சகர் நயம் கண்டார். நண்பர் தாளம் கண்டார். நோவைக் கண்டவர் அரியர். இதற்காக அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறமாகாது. அவர்களும் இருபதைச் சிறிது கடந்த இளைஞர்களே.

ஆயின், மறைவுக்குப் பின் கேட்டவர்கள் மறு எல்லைக்குப் போனார்கள். ஒவ்வோர் அடியையும் மரண முன்னறிவிப்பாகவே படித்தார்கள். அதுவும் கேளாமையின் மற்றொரு வடிவமே என்போம். பிறிதொரு பெண்ணின் துன்பத்துக்கு இரங்கி எழுதிய பாடலும், ஓர் இளைஞனின் கற்பனையும், உழைப்பும், அந்த ஒற்றை முடிவுக்குள் புதைந்து போயின. முன்னே மனிதனை விட்டுக் கலையைக் கேட்டார்கள். பின்னே கலையை விட்டு மனிதனின் இறப்பை மட்டும் கேட்டார்கள்.

துயரம் தோய்ந்த பாட்டெல்லாம் பாடியவனின் வாக்குமூலம் அன்று. அப்படிக் கொண்டால் கவிஞர் எவரும் வாய்திறக்க இயலாது. எனினும், பாட்டைப் பாராட்டிய கையோடு, பாடியவரிடம் ‘நலமாக இருக்கிறீர்களா?’ என்று வினவுவதற்கு இலக்கியத் தேர்ச்சி எதுவும் வேண்டியதில்லை. நம் இல்லங்களில் இளையோர் எழுதும் கவிதையையும் முணுமுணுக்கும் பாட்டையும் ‘இதென்ன அழுகை?’ என்று ஒதுக்காமலும், ‘எவ்வளவு அழகு!’ என்று மட்டும் சொல்லி நகராமலும், அருகே அமர்ந்து சற்றுக் கேட்போமாக. விமர்சனம் எழுத நாளை நேரமுண்டு. விசாரிக்க இன்றே நேரம்.